மெக்ரிட்சி ஏரிக்கரையில் ஒரு தமிழ் வகுப்பு



நம் மாணாக்கர் எழுதும் கட்டுரைகளில் இயற்கை வருணனைக்குக் குறைவே இல்லை. கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பாமல், தென்றல் இதமாக வீசாமல், பறவைகள் கீச்சிடாமல் ஒரு கட்டுரையும் தொடங்குவதில்லை. உயர்நிலை வகுப்புகளுக்கு வந்துவிட்டால் ஏரியில் தாமரை மலரும், குயில் கூவும், அருவி வெள்ளியை உருக்கி வார்த்ததுபோல விழும். படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதிய பிள்ளையை அருகழைத்து, "நீ கேட்ட குயிலோசை எப்படி இருந்தது?" என்று வினவிப் பாருங்கள். விழிப்பான். அவன் எதையும் கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை. துணைநூலில் கண்ட தொடர்களை மனனம் செய்து தாளில் இறக்கி வைத்திருக்கிறான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விடியற்காலையில் நம் அடுக்குமாடி வீடுகளின் அருகே ஓயாமல் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறதே ஒரு பறவை, 'இந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை' என்று குடியிருப்பாளர்கள் முறையிடுகிறார்களே, அதுவேதான் குயில். கட்டுரையில் கூவும் குயிலும் சன்னலுக்கு வெளியே கூவும் குயிலும் ஒன்றே என்பதை அப்பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. தமிழ் ஓரிடத்திலும் உலகம் வேறிடத்திலும் கிடக்கின்றன.

இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

தாய்மொழி இருவார நிகழ்ச்சி வந்தால் தமிழ் மாணவர்களைக் கற்றல் பயணமாக எங்கே அழைத்துச் செல்கிறோம்? பெரும்பாலும் லிட்டில் இந்தியாவுக்கு. பூக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை, வீரமாகாளியம்மன் கோவில், 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேக்காவைக் காணாத தமிழ்ப்பிள்ளை இத்தீவில் வளரக்கூடாது. ஆயினும் ஆண்டுதோறும் அங்கேயே சென்று திரும்பினால் பிள்ளையின் மனத்தில் என்ன பதியும்? தமிழ் என்பது மல்லிகைச் சரம், மாவிலைத் தோரணம், தீபாவளி ஒளியூட்டு, வாழையிலைச் சாப்பாடு என்று பதியும். கடைத்தெருவுக்கும் பண்டிகைக்கும் உரிய மொழி என்று அவன் முடிவு கட்டிவிடுவான். மரம், பறவை, மழை, காடு இவையெல்லாம் ஆங்கிலத்தில் அறிய வேண்டியவை என்று அவனாகவே பிரித்துக்கொள்வான்.

ஆதலால் ஆண்டில் ஒருமுறையேனும் தமிழ் வகுப்பை மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. உடற்பயிற்சிக்காக அன்று, தமிழ் கற்பதற்காக.

"ஏரியும் மலையும் பார்க்க வேண்டுமென்றால் கொடைக்கானலுக்குப் போகலாமே" என்பார் சிலர். டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகும் குடும்பங்களில் பல, கொடைக்கானலுக்கோ உதகைக்கோ ஒரு நடை போய் வருகின்றன. ஏரியைச் சுற்றி மிதிவண்டி ஓட்டி, படகில் ஏறி, குதிரைமேல் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நல்லதே. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கொடைக்கானல் ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. மதுரை ஆட்சியராய் இருந்த லெவிஞ்சு 1863இல் நீரைத் தேக்கி உண்டாக்கியது. உதகை ஏரியும் அவ்வாறே, 1820களில் ஜான் சலிவன் காலத்தில் தோன்றியது. கொடைக்கானல் ஏரி உருவாகி ஐந்தே ஆண்டுகளில், 1868இல், நம் மெக்ரிட்சி கட்டி முடிக்கப்பட்டது. மூன்றும் ஒரே நூற்றாண்டில், ஒரே ஆட்சியின்கீழ், ஒரே முறையில் பிறந்த நீர்நிலைகள். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கான கல் பறந்து செல்லும் நாம், தேக்காவிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருப்பதை எட்டிப் பார்ப்பதில்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள்!

உயரத்தில் நாம் போட்டியிட முடியாது என்பது உண்மை. கொடைக்கானல் கடல்மட்டத்துக்குமேல் ஈராயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. நம் தீவின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்றோ ஏறத்தாழ 163 மீட்டர்தான். ஆனால் அளவைக் கொண்டு எடைபோட்டால் ஏமாந்து போவோம். 1854இல் இங்கு வந்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், புக்கிட் தீமா வட்டாரத்தில் இரண்டே மாதங்களில் ஏறத்தாழ எழுநூறு வகை வண்டுகளைச் சேகரித்தார். பெரும்பாலானவை ஒரு சதுர மைல் பரப்புக்குள் கிடைத்தவை. குன்று சிறிது, அதிலுள்ள உயிர்கள் சிறிதல்ல.

நிற்க. மெக்ரிட்சியின் கதையைச் சற்றே பார்ப்போம். 1857இல் தான் கிம் செங் என்ற வணிகர், நகர மக்களுக்கு நல்ல குடிநீர் கிடைக்க வேண்டுமென்று 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். நீர்த்தேக்கம் 1868இல் முடிந்தது. ஆனால் நீரை நகருக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடுகள் நிறைவேற மேலும் பத்தாண்டுகள் போலக் கழிந்தன. 1890களில் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி அதனை விரிவாக்கினார். 1922இல் அவர் பெயரே அதற்கு இடப்பட்டது. தான் கிம் செங்கின் நினைவாக 1882இல் எழுப்பிய நீரூற்றை இன்றும் எஸ்பிளனேட் பூங்காவில் காணலாம்.

இந்நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் பொருட்டே சுற்றியிருந்த காடு காக்கப்பட்டது. மழைநீர் வழிந்து வந்து சேரும் நிலத்தில் வீடும் தோட்டமும் பெருகினால் ஏரியில் அழுக்கும் மண்ணும் சேரும். மரங்கள் நின்றால் வேரும் சருகும் மழையைத் தாங்கிப் பிடித்து மெல்ல மெல்ல விடும். நீருக்காகக் காடு பிழைத்தது. காட்டினால் நீர் பிழைத்தது. இன்று மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதி 2,000 ஹெக்டருக்குமேல் பரந்து கிடக்கிறது. வானுயர் கட்டடங்களுக்கு நடுவே இப்படியொரு காடு இருப்பதன் காரணம் இதுதான்.

இதில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே உண்டு. 'நீர்த்தேக்கம்' என்ற சொல்லைப் பாடநூலில் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு கடினச் சொல். எழுத்துப்பிழை வந்துவிடுமோ என்று அஞ்சும் சொல். அவனை மெக்ரிட்சியின் கரையில் நிறுத்திப் பாருங்கள். பள்ளத்தாக்கின் குறுக்கே மண்ணைக் குவித்து எழுப்பிய அந்த மேடுதான் கரை. நீரை வேண்டும் அளவு திறந்துவிடும் வாய் மதகு. நிறைந்தபின் மிகுநீர் தானே வழிந்தோடும் இடம் கலிங்கு. மழைநீரைத் திரட்டித் தரும் மேட்டுநிலம் நீர்ப்பிடிப்பு. தமிழகத்து ஊர்களில் பன்னூறு ஆண்டுகளாக வழங்கிவரும் ஏரிச் சொற்கள் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருக்கிறது. நம் முன்னோர் ஊர்தோறும் வெட்டிய ஏரிக்கும் இந்நீர்த்தேக்கத்துக்கும் அடிப்படை ஒன்றுதான் என்று சொன்னால், வரலாறும் அறிவியலும் தமிழும் ஒரே பாடமாகிவிடும். வகுப்பறையில் ஒரு மணி நேரம் விளக்கியும் மனத்தில் நிற்காத சொல், கண்ணெதிரே பொருளைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும்.

கரையிலிருந்து உள்ளே நடப்போம். நீரோரமாகச் செல்லும் மரநடைபாதைகளுக்குச் செம்பராய், ஜெரிங் என்று பெயர். அப்பால் பெத்தாலிங் தடம் உண்டு. காட்டின் நடுவே ஜெலுத்தோங் கோபுரம் ஏழு அடுக்காய் உயர்ந்து நிற்கிறது. இவை யாவும் மரங்களின் மலாய்ப் பெயர்கள். மலாய்மொழி இக்காட்டின்மேல் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறது. பொறாமைப்படுவதற்கில்லை, கற்றுக்கொள்வதற்கு உண்டு. இங்கு வாழ்ந்தோர் இம்மரங்களோடு பழகினார்கள், பெயரிட்டார்கள், அப்பெயர் நிலைத்தது. பழகாத மொழிக்குப் பெயர் எங்கிருந்து வரும்?

இன்னும் உள்ளே, 2004இல் திறக்கப்பட்ட மரவுச்சி நடைபாலம் இரு குன்றுகளை இணைத்துத் தொங்குகிறது. நீளம் 250 மீட்டர். காட்டுத்தரையிலிருந்து 25 மீட்டர் வரை உயரம். பாலத்தில் நின்று பார்த்தால் மரங்களின் தலை நம் காலடியில் இருக்கும். மழைக்காட்டு மரங்களில் பல, இளந்தளிரைச் சிவப்பாகவும் செம்பழுப்பாகவும் விடுகின்றன. நம் இலக்கியம் அழகிய மேனிக்கு மாந்தளிரை உவமையாகச் சொல்வது ஏன் என்று அங்கே கேட்டால் பிள்ளையே விடை சொல்வான். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஓர் இலையின் வாழ்நாளுக்குத் தமிழில் ஐந்து சொற்கள் இருப்பதைக் காட்ட அதைவிடச் சிறந்த கரும்பலகை ஏது?

விலங்குகளுக்கு வருவோம். பிள்ளைகள் அறிந்த சொல் 'குரங்கு' ஒன்றே. தொல்காப்பிய மரபியலோ குரங்கு, முசு, ஊகம் என்று இனம் பிரித்துப் பேசுகிறது. அவற்றின் பெண்ணுக்கு மந்தி என்று பெயர் தருகிறது. விலங்கு பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என ஒன்பது பெயர்களை வகுக்கிறது. இத்தீவின் காட்டில் நீண்டவால் குரங்கு மிகுதி. இலை தின்று வாழும் கருமந்தி ஒன்றும் அரிதாக உண்டு. ஆங்கிலத்தில் ராஃபிள்ஸ் பெயரால் வழங்குவது. அதன் எண்ணிக்கை இங்கு நூற்றுக்கும் குறைவு. அவ்வினத்தை முசு என்று அழைக்க நமக்குச் சொல் ஆயத்தமாக இருக்கிறது. எறும்பு தின்னும் செதில் விலங்குக்கு அழுங்கு என்ற அழகிய சொல் உண்டு. செய்தித்தாளில் அடிக்கடி இடம்பெறும் நம் நீர்நாய், காவிரியில் நீந்தும் அதே இனம். சங்கப் புலவர் பாடிய விலங்கு. வாலில் இரு துடுப்புகள் தொங்கப் பறக்கும் கரிச்சான், மேற்குத்தொடர்ச்சி மலையிலும் வாழ்வது. துடுப்புவால் கரிச்சான் என்பது அதன் பெயர். பிள்ளைகள் 'சாகா விதை' என்று பொறுக்கிச் சேர்க்கும் செம்மணிக்கு ஆனைக்குன்றிமணி என்றும் மஞ்சாடி என்றும் பெயருண்டு. அம்மஞ்சாடியே பழந்தமிழரின் பொன் நிறுக்கும் அளவையாகவும் இருந்தது. சிராங்கூன் சாலை நகைக்கடைக்கும் காட்டுக்கும் இதைவிட நெருங்கிய தொடர்பு வேண்டுமா?

எதிர்ப்புகள் எழும் என்பதை அறிவேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "இக்காட்டு மரங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழில் பெயரே கிடையாதே!" மெய்தான். அதற்காக வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. இத்தீவுக்கு வந்த தமிழர்கள் சொல்லுக்குத் தயங்கியவர்கள் அல்லர். சுண்ணாம்புச் சூளைகள் இருந்த சிராங்கூன் வட்டாரத்தைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றார்கள். கம்பம் என்பது மலாய்க் கம்போங். 'தேக்கா' ஹொக்கியன் சொல். மூங்கிற்புதரைக் குறித்து வந்தது. இன்று அதைத் தமிழ்ச்சொல்லன்று என்றால் நம்புவார் இல்லை. ரம்புத்தானும் டுரியானும் மங்குஸ்தானும் அவ்வாறே நம் நாவில் ஏறியவை. பெத்தாய் மரத்தையும் ஜெலுத்தோங் மரத்தையும் தமிழ் எழுத்தில் எழுதித் தமிழ் வாக்கியத்தில் வைத்தால் போதும். தூய தமிழ்ப்பெயர் கிடைக்கும்வரை காத்திருப்பேன் என்பவர் கடைசிவரை காத்திருப்பார்.

இரண்டாவது: "குரங்கு பிடுங்கும், மழை பிடிக்கும், பெற்றோர் கேள்வி கேட்பார்கள்." நியாயமான அச்சம். அதற்குரிய முன்னேற்பாடும் எளிதே. ஞெகிழிப்பையைக் கையில் தொங்கவிடக்கூடாது; குரங்குக்கு உணவு கொடுக்கவே கூடாது, அது சட்டப்படியும் குற்றம். காலையில் சென்று, பிற்பகல் இடிமழைக்கு முன் திரும்பிவிட வேண்டும். மரவுச்சி நடைபாலம் வரை சென்று திரும்பத் தொடங்குமிடத்தைப் பொறுத்து ஏழு முதல் பதினொரு கிலோமீட்டர் நடக்க நேரும். அது உயர்நிலை மாணவர்க்கே ஏற்றது. பாலம் பொதுவிடுமுறை அல்லாத திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். ஆகவே தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு நீரோர நடைபாதையே தாராளம். உடும்பு, மீன்கொத்தி, ஆமை மூன்றையும் அங்கேயே காணலாம்.

மூன்றாவது, பெரிய எதிர்ப்பு: "தேர்வுக்கு இது உதவுமா?" உதவும். வாய்மொழித் தேர்வில் காணொளியைக் காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். அங்கே மனனத் தொடர் கைகொடுக்காது. கண்டதைச் சொல்லப் பழகிய நாக்கே பேசும். கட்டுரையிலும் அப்படித்தான். "தென்றல் இதமாக வீசியது" என்று நாற்பது பேர் எழுதிய கட்டில், "பாலம் ஆடியதும் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டேன், கீழே சருகு சரசரத்தது" என்று ஒரு பிள்ளை எழுதினால் திருத்தும் ஆசிரியர் நிமிர்ந்து உட்கார மாட்டாரா?

எனினும் தேர்வைக் காட்டியே இதை நான் வேண்டவில்லை. தேர்வைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசும் சிங்கப்பூரரின் பங்கு 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வீட்டுக்குள் சுருங்கும் மொழி, வெளியில் புதிதாக இடம் தேடவில்லையென்றால் மேடைக்குரிய மொழியாகிவிடும். ஏப்ரல் மாதத்துத் தமிழ்மொழி விழாவில் மட்டும் எடுத்து உடுத்தும் பட்டாடையாகிவிடும். அன்றாடம் உடுத்தாத ஆடையைப் பிள்ளைகள் எத்தனை நாள் பேணுவார்கள்?

இன்னொன்று. இந்தக் காடு யாரும் கேள்வி கேட்காமல் தானாகவே நிலைத்து நின்றதன்று. 1990களின் தொடக்கத்தில் கீழ்ப் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிக் கோல்ஃப் திடல் அமைக்கும் திட்டம் எழுந்தது. இயற்கைச் சங்கத்தினர் ஆய்வு செய்து, இன்னின்ன உயிர்கள் இங்கே வாழ்கின்றன என்று பெயர் சொல்லி எடுத்துரைத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 2013இல் குறுக்குத்தீவு ரயில்பாதை அறிவிக்கப்பட்டபோதும் நெடிய விவாதம் நடந்தது. 2019 டிசம்பரில், வனப்பகுதிக்கு அடியில் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் செல்லும் என்று முடிவாயிற்று. சரி, தவறு என்று இருபக்கமும் பேசலாம். ஆனால் பேசுவதற்குப் பெயர் வேண்டும். 'ஏதோ ஒரு மரம், ஏதோ ஒரு பறவை' என்பவனால் எதைக் காக்கவும் இயலாது, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அறியவும் இயலாது. வருங்காலத்தில் இத்தீவைப் பற்றிய முடிவுகளில் நம் பிள்ளைகளும் பங்கு கொள்வார்கள். அப்போது தமிழிலும் சிந்திக்க அவர்களுக்கு ஏதேனும் கொடுத்திருக்கிறோமா?

நீர்நிலைகளின் அருகே நடும் எச்சரிக்கைப் பலகைகளில் நான்கு மொழிகளும் இருக்கும். 'அபாயம்' என்று தமிழும் இருக்கும். பூங்காக்களில் புல் வெட்டியும் சருகு கூட்டியும் உழைக்கும் தொழிலாளர்கள் சிலரிடையே தமிழ்ப் பேச்சும் கேட்கும். தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வந்த அவர்களுக்கு மதகும் கலிங்கும் நேரில் பழகிய சொற்கள். எச்சரிக்கைப் பலகையிலும் உழைப்பவர் வாயிலும் இருக்கும் தமிழ், நடைபயிலும் நம் பிள்ளைகளின் வாயிலும் இருக்கலாகாதா?

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் நான் முன்வைப்பவை மூன்று. முதலாவது, கற்றல் பயணங்களில் ஒன்றையேனும் நீர்த்தேக்கத்துக்கோ காட்டுக்கோ ஒதுக்குங்கள். இரண்டாவது, செல்லுமுன் பத்துச் சொற்களைக் கற்பியுங்கள்; திரும்பிய பின் அப்பத்தில் எத்தனையைக் கண்ணால் கண்டார்கள் என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது, அதன்பின் எழுதும் கட்டுரையில் கதிரவனின் பொற்கதிருக்கும் இதமான தென்றலுக்கும் விடுமுறை கொடுத்துவிடுங்கள். கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கட்டுரை நீளம் குறையும், பிழையும் கூடலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஒவ்வொரு சொல்லும் அப்பிள்ளையின் சொந்தச் சொல்லாக இருக்கும்.

கரை, மதகு, கலிங்கு, சருகு, தளிர், முசு, அழுங்கு, உடும்பு, நீர்நாய், கரிச்சான். தொடங்குவதற்கு இந்தப் பத்தும் போதும்.